எட்டாம் நம்பர் பனியன்

"எங்கடி கொண்டுபோய் விட்ட? சொல்லு!"

செயலாளர் சிதம்பரநாதன் போட்ட சத்தத்தில் அலமாரியில் இருந்த வெற்றிக் கோப்பை கிணுகிணுத்தது. அரசலாறு மகளிர் கூடைப்பந்துக் கழகத்துக்கு இருப்பதே அந்த ஒரு கோப்பைதான். அதற்கும் ஒரு காது இல்லை.

நானும் ஞானசௌந்தரி அக்காவும் கழக அறைக்குள் நுழைந்த நேரம் அது. அக்கா காரைக்காலின் ஒரே துப்பறியும் நிபுணர். நான் செல்லக்கண்ணு, அவருடைய உதவியாளன். அதாவது ஸ்கூட்டர் ஓட்டுபவன், டீ வாங்குபவன், தப்பான ஆளைச் சந்தேகப்படுபவன். மூன்றாவது வேலையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

அறை நடுவே ஒரு டிரங்குப் பெட்டி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. முந்தின நாள் சாயங்காலம் அதற்குள் பன்னிரண்டு நீல பனியன்கள் இருந்தன; நாலாம் நம்பரில் தொடங்கி பதினைந்தாம் நம்பர் வரை. கூடைப்பந்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று யாரும் போட்டுக்கொள்வதில்லை. நடுவர் விரலைக் காட்டினால் நம்பரா பாயிண்டா என்று குழம்பிவிடுமாம். இப்போது பெட்டியில் ஒரு நூல்கூட இல்லை.

பெட்டிக்கு அந்தப் பக்கம் அல்லி நின்றாள். நெடுங்காட்டுப் பெண். எட்டாம் நம்பர் ஆட்டக்காரி. அவள் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டுமானால் என் போன்றவர்களுக்குக் கழுத்து வலிக்கும். இந்த வருஷம்தான் அணிக்கு வந்தவள். கைகளைக் கட்டிக்கொண்டு, செயலாளரை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் எடுக்கலைங்க சார். எடுத்திருந்தா உங்க கண்ணு முன்னாடியே எடுத்துட்டுப் போவேன். ஒளிஞ்சு எடுக்கிற உயரமா எனக்கு?"

"திமிரைப் பாருங்க!" என்று சிதம்பரநாதன் எங்கள் பக்கம் திரும்பினார். "பூட்டு உடையல. சாவி நேத்து இவகிட்டதான் இருந்துச்சு. என்கிட்ட இருந்த இன்னொண்ணு போன மாசமே தொலைஞ்சிடுச்சு. கல்கத்தாக்காரனுக்கு விலை போயிட்டா, வேறென்ன?"

எங்களைக் கூப்பிட்டனுப்பியவள் அணித் தலைவி கமருன்னிசா. அவள் அக்காவை ஓரமாக அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னாள். அகில இந்திய மகளிர் முதல் பிரிவு லீகில் காரைக்கால் மாதிரி ஒரு சின்ன ஊர் அணி இடம் பிடித்ததே அதிசயம். வரிசையாக மூன்று ஆட்டம் தோற்றாகிவிட்டது. இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு, இதே மைதானத்தில், கல்கத்தா அணியுடன் கடைசி ஆட்டம். தோற்றால் இரண்டாம் பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள்.

"அதைக்கூட விடுங்கக்கா. ரயில்வே டீமுக்கு ஆளெடுக்க ஒரு ஆபீசர் வந்து லாட்ஜுல தங்கியிருக்காரு. அந்த உயரமான பொண்ணு ஆடுறத ஒரு தடவை நேர்ல பாக்கணும்னாரு. பிடிச்சிருந்தா வேலை. இவங்கம்மா நடவு வேலைக்குப் போறவங்க. இந்த வருஷம் வாய்க்கால்ல தண்ணியே வரல, நடவும் இல்ல. இன்னிக்கு இவ ஆடலன்னா..."

"ஏன் ஆடாம?" என்றார் அக்கா.

பதில் சிதம்பரநாதனிடமிருந்து வந்தது. "திருடியை எறக்க மாட்டேன். நல்லவேளை, நான் இருக்கேன். கும்பகோணத்துலேர்ந்து புது செட்டு மூணு மணி பஸ்ல வந்துடும். ஆட்டம் நடக்கும். இவ ஆட மாட்டா."

"நம்பர் போட்டே வந்துடுமாங்க?"

"போட்டுத்தான் வரும். நான் அரைகுறை வேலை செய்யற ஆள் இல்லம்மா."

எனக்கு அவர் மேல் மரியாதை பொங்கியது. சிதம்பரநாதனை ஊரில் தெரியாதவர் கிடையாது. மரவாடி முதலாளி. கறுப்புச் சட்டை. மூடநம்பிக்கையின் முதுகெலும்பை முறிக்கிறேன் என்று மேடைதோறும் முறித்துக்கொண்டிருப்பவர். மரவாடியை ராகு காலத்தில் திறந்தார். கல்யாணமும் ராகு காலத்தில்தான். (இரண்டாவதன் பலன் அந்த அம்மாவைக் கேட்டால் தெரியும்.) இன்றைக்கு அந்தக் கறுப்புச் சட்டைகூடப் புதுசு; கடை மடிப்பு கலையவில்லை. வேட்டி முனையில் மில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆட்டத்துக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து மூச்சிரைக்க ஓடிவந்தாள் பெரியநாயகி. விழிதியூரிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண், ஒன்பதாம் நம்பர்.

"கமருக்கா! உங்க பதினோராம் நம்பர் எங்க ஊரு கத்திரிக்கொல்லையில நிக்குது!"

"நிக்குதா?"

"பொம்மைக்கு மாட்டிருக்காங்கக்கா!"

கமருன்னிசாவின் முகம் சிவந்தது. "ஏழு வருஷமா நான் போட்ட நம்பர். அதை வைக்கோலுக்கு மாட்டிருக்கானா?"

"செல்லக்கண்ணு, வண்டிய எடு" என்றார் அக்கா.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. மரியாதைதான் உயரும். 'செல்லக்கண்ணு' என்றால் சாதாரணம். 'செல்லக்கண்ணு சார்' என்றால் நான் ஏதோ உளறிவிட்டேன் என்று அர்த்தம். 'செல்லக்கண்ணு அவர்களே' என்பதை வாழ்க்கையில் இரண்டு முறை கேட்டிருக்கிறேன். இரண்டு முறையும் காய்ச்சல் வந்தது.

*

விழிதியூர்க் கத்திரிக்கொல்லையில் சோளக்கொல்லை பொம்மை கைகளை விரித்துக்கொண்டு கம்பீரமாக நின்றது. நீல பனியன், முதுகில் பதினொன்று. பானைத் தலை. மூன்று ஆட்டங்களில் எங்கள் அணி காட்டிய தடுப்பாட்டத்தைவிடச் சுறுசுறுப்பாகத் தெரிந்தது. தோளில் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது.

கொல்லைக்காரர் தங்கையன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு வந்தார்.

"இந்தப் பனியன் ஏதுங்கய்யா?" என்றார் அக்கா.

"காலையில திருநள்ளாத்துக்குக் காய் போடப் போனேம்மா. நளன் குளத்தங்கரையில கெடந்துச்சு. விட்ட துணிதான்."

நான் இரண்டடி பின்வாங்கினேன். வெளியூர்க்காரர்களுக்கு மட்டும் விளக்கம்: ஏழரைச் சனி பிடித்தவர்கள் சனிக்கிழமை நளன் குளத்தில் எண்ணெய் தேய்த்து முழுகி, உடுத்தியிருந்த துணியை அங்கேயே விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கரையேற வேண்டும். சனி துணியோடு தங்கிவிடும். அந்தத் துணியை எங்கள் பக்கத்தில் யாரும் தொடமாட்டார்கள்.

"அதைப் போய் எடுத்து வந்தீரே, உமக்குப் பயமில்லையா?" என்றேன்.

"மனுசன் உடுத்துனாத்தான் தம்பி சனி புடிக்கும். வைக்கோலுக்குப் புடிச்சா எனக்கென்ன? இன்னொண்ணு யோசிச்சேன். காக்கா சனியோட வாகனம். மொதலாளி துணிய மாட்டி வெச்சா கிட்ட வருமா?"

காகம் பொம்மையின் தோளில் அலகைத் தீட்டிக்கொண்டது. முதலாளியைப் பார்த்துச் சம்பளம் கேட்க வந்திருக்கும்.

"அக்கா, விஷயம் முடிஞ்சுது" என்றேன் மெதுவாக. "கல்கத்தாக்காரங்க வேலைதான். பனியனைத் திருடி, எவனும் தொடாத இடமாப் பாத்துப் போட்டிருக்கானுங்க."

"கல்கத்தாக்காரங்களுக்கு நளன் குளம் தெரியுமா, செல்லக்கண்ணு சார்?"

சார் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

அக்கா பொம்மையிடமிருந்து பனியனைக் கழற்றி வைக்கோலை உதறினார். "விட்ட துணி... விட்ட துணி..." என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தார்.

*

சனிக்கிழமை என்பதால் திருநள்ளாற்றில் தலைக்கு மேல் தலை. நளன் குளத்தங்கரை முழுக்க நல்லெண்ணெய் வாசனை. ஈரத் துணிகள் குவியல் குவியலாகக் கிடந்தன. படிக்கட்டு ஓரத்தில் எண்ணெய் விற்றுக்கொண்டிருந்த காசியம்மாவிடம் அக்கா பதினோராம் நம்பரை விரித்துக் காட்டினார்.

"இதேமாதிரி ஒரு மூட்டை விட்டாரே, அந்த ஆளா? இன்னிக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பேன். விடிஞ்சதும் விடியாததுமா வந்தாரு. தலையில துண்டைப் போத்தி மூஞ்சிய மறைச்சுக்கிட்டாரு. ஒரு துணி விட்டா போதாதா, மூட்டையோட விடறியே, ஊருக்கே சனியான்னு கேட்டேன். உன் வேலையைப் பாருன்னு எரிஞ்சு விழுந்தாரு."

"வடநாட்டு ஆளாம்மா?" என்றேன் நம்பிக்கையுடன்.

"தமிழ்லதான் திட்டினாரு. நல்ல சுத்தத் தமிழ்."

"மூட்டையை மட்டும் வெச்சுட்டுப் போயிட்டாரா?" என்றார் அக்கா.

"இல்லடியம்மா. மூட்டையிலேர்ந்து ஒரு பனியன உருவி மாட்டினாரு. மாட்டுறதுக்குள்ள மூச்சு முட்டிருச்சு. தொப்பை பாதிதான் உள்ள போச்சு. அதோட முழுகி எழுந்து, அதைக் கிழிச்சுக் கழட்டிப் போட்டுட்டுப் புதுத்துணி உடுத்தினாரு. சரி, இனிமே கோயிலுக்குப் போவாரு, நம்மகிட்ட எள்ளு தீபம் வாங்குவாருன்னு பாத்தா, கோபுரத்தைக்கூட நிமிந்து பாக்காம பஸ்ஸ்டாண்டுக்கு நடையக் கட்டிட்டாரு. சனியும் வேணாம், சாமியும் வேணாம்னு ஒரு ஆளை இப்பத்தான் பாக்குறேன்!"

அக்கா சிரிக்கவில்லை. குவியலுக்குப் போய்க் கையை விட்டார். நான் நாலடி தள்ளி நின்று தைரியம் சொன்னேன். கிழக்கோரத்தில் மூட்டை அவிழ்ந்து கிடந்தது. பத்து பனியன்கள் காய்ந்து, எண்ணெய் படாமல், அப்படியே இருந்தன. சற்றுத் தள்ளி ஒன்று மட்டும் ஈரமாக, எண்ணெய்ப் பிசுக்கோடு, அக்குளில் ஒரு முழம் பிரிந்து, பலாப்பழம் வைத்துக் கட்டிய சாக்குபோல வீங்கிக் கிடந்தது.

எட்டாம் நம்பர்.

அக்கா அதை எடுத்துப் பிழிந்தார். பிழிந்த வேகத்தில் அது யாருடைய கழுத்தோ என்று நினைத்தேன்.

"வண்டியை எடுங்கள், செல்லக்கண்ணு அவர்களே" என்றார்.

மடியில் பத்துப் பேர் சனியும், முதுகுப் பக்கம் அக்காவின் கோபமுமாகக் காரைக்கால் வரை ஓட்டினேன். சனி தேவலை என்று தோன்றியது.

*

நாங்கள் திரும்பியபோது கும்பகோணத்துப் பார்சல் வந்திருந்தது. கழக அறையில் பெண்கள் எல்லாரும் இருந்தார்கள். அல்லி மட்டும் வாசற்படியில், வெயிலில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் போகச் சொல்லியும் போகவில்லையாம். அக்கா அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தார்.

"செயலாளர் பெருமகனார் அவர்களுக்கு வணக்கம்" என்றார்.

இவ்வளவு மரியாதையை நான் கேட்டதே இல்லை.

நீல மூட்டை மேஜைமேல் விழுந்தது. மேலே எட்டாம் நம்பர், எண்ணெய் சொட்ட. சிதம்பரநாதனின் கை தன்னையறியாமல் வயிற்றைத் தடவிக்கொண்டது.

"எ... எங்க கிடைச்சுது? இவதானே கொண்டுபோய்..."

"காலையில இந்தப் பொண்ணைப் பாத்து என்னங்க கேட்டீங்க? 'எங்க கொண்டுபோய் விட்ட'ன்னு கேட்டீங்க. திருட்டுப் பொருளை யாராவது அப்படிக் கேப்பாங்களா? எங்க வெச்சே, எங்க போட்டே, எங்க ஒளிச்சேன்னு கேக்கலாம். மாட்டைக் கொண்டுபோய் விடுவோம், புள்ளையப் பள்ளிக்கூடத்துல விடுவோம். துணிய விடறதுன்னு நாம சொல்றது ஒரே ஒரு இடத்துலதான். வாய்க்குப் பழக்கம் போகலைங்க பெருமகனாரே."

"அபாண்டம்! நான் பகுத்தறிவாளன்! நான் போய்த் திருநள்ளாத்துக் கோயிலுக்கு..."

"கோயிலுக்கு நீங்க போகவே இல்லை. அதைத்தான் எண்ணெய்க்காரம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்குது. குளத்தோட திரும்பிட்டீங்களே, கொள்கைக்குப் பங்கம் வராம! புது வேட்டியில மில் சீட்டைக் கிழிக்க மறந்துட்டீங்க. காலையிலதான் பனியன் காணோம்னு தெரிஞ்சுது. அதுக்குள்ள கும்பகோணத்துல நம்பர் தெச்சு பஸ்ல ஏத்திட்டாங்கன்னா, ஆர்டர் என்னிக்குக் குடுத்தது? தொலைஞ்சுபோன சாவி உங்க சட்டைப் பையில இருக்கா, அதையும் குளத்துல விட்டாச்சா?"

சிதம்பரநாதன் நாற்காலியில் சரிந்தார். மேடையில் ஒலிபெருக்கி இல்லாமலே கடற்கரை வரை கேட்கும் அந்தக் குரல் இப்போது மேஜையைத் தாண்டவில்லை.

"மூணு ஆட்டம் தோத்தோம்மா. தூக்கம் வரல. ஒரு ஜோசியக்காரன்... சும்மா பேச்சுவாக்குல... டீம் துணியில தோஷம்னு சொன்னான். நம்பலதான். ஆனா போய்ட்டு வந்துடுவோமேன்னு... வெளியில தெரிஞ்சா நான் எந்த மேடையில ஏறுவேன்?"

பெண்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். மனுஷன் பாவம் என்றுகூடத் தோன்றியது. எனக்கு இளகிய மனசு. அதைப் பயன்படுத்திக்கொள்ளாதவன் ஊரில் இல்லை.

"இதோட முடிஞ்சிருந்தா நானும் சிரிச்சிருப்பேன்" என்றார் அக்கா. "கமரு, பார்சலைப் பிரிம்மா. நம்பர் வரிசையா பெஞ்சுல அடுக்கு."

மங்கலமான மஞ்சள் நிறத்தில் புதுப் பனியன்கள். நாலு. ஐந்து. ஆறு. ஏழு. ஒன்பது.

கமருன்னிசாவின் கை நின்றது. மீதியைப் புரட்டினாள். பத்து, பதினொன்று, பதினைந்து வரை எல்லாம் இருந்தன. காகிதத்தை உதறினாள். ஒன்றும் விழவில்லை.

"எட்டு எங்க சார்?"

சிரிப்பு நின்றுவிட்டது.

"எட்டு சனியோட எண்" என்றார் அக்கா. "எட்டாம் நம்பர்காரி வந்த வருஷம் மூணு தோல்வி. ஜோசியக்காரன் தோஷம்னு சொன்னது துணியை இல்ல. பன்னெண்டு பேருக்குப் பதினோரு பனியன் ஆர்டர் குடுத்தப்பவே இந்தப் பொண்ணை வெளியில அனுப்ப முடிவாயிடுச்சு. அதுக்கு ஒரு காரணம் வேணும். திருட்டுப் பட்டம் கிடைச்சுது. வாய் தவறி 'விட்ட'ன்னு சொல்லலைங்க நீங்க, சரியாத்தான் சொன்னீங்க. ஆளைத்தான் கொண்டுபோய் விடுவோம். பனியனோட சேத்து இவளையும் அந்தக் குளத்துல விட்டுட்டு வந்திருக்கீங்க."

எனக்குக் கோபம் வருவது அபூர்வம். வந்தால் பசிக்கும். அன்று பசிக்கவில்லை.

அல்லி மேஜையருகே வந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்து நான் கைக்குட்டையைக்கூட எடுத்துவிட்டேன். அவள் குனிந்து சிதம்பரநாதனின் முகத்துக்கு நேரே பார்த்தாள்.

"எட்டாம் நம்பர் நான் கேட்டு வாங்குனதா சார்? மிச்சம் இருந்தது அதுதான்னு நீங்க தூக்கிப் போட்டது. வாய்க்கால்ல தண்ணி வரலியே, அதுக்கும் நான்தானா? எங்கம்மாவ நடவுக்கு யாரும் கூப்பிடலியே, அதுக்கும் நான்தானா? மேடையில ஒண்ணு பேசுவீங்க. உள்ளுக்குள்ள என்னைப் பாக்குறப்பல்லாம் சனின்னு நெனச்சுக்கிட்டிருந்தீங்களா?"

அவர் வேட்டி முனையிலிருந்த மில் சீட்டைக் கிழித்தெடுத்தார்.

"இவ எறங்கலன்னா நாங்க பதினோரு பேரும் எறங்கல" என்றாள் கமருன்னிசா. "ஏன் எறங்கலன்னு மைக்ல நானே சொல்றேன். ஊரே வந்து உக்காந்திருக்கு."

"வேணாம்மா" என்றார் சிதம்பரநாதன் அவசரமாக. "ஆடட்டும். ஆடட்டும்."

"எதைப் போட்டுக்கிட்டு?" என்றாள் அல்லி. "மஞ்சள்ல எனக்கு இல்லை. எல்லாரும் ஒரே கலர் போடணும்."

நீலம் பன்னிரண்டும் மேஜையில் இருந்தன. ஆனால் நளன் குளத்தில் விட்ட துணி. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கமருன்னிசா கையை நீட்டிப் பதினொன்றை எடுத்தாள். உள்ளிருந்து ஒரு வைக்கோல் விழுந்தது.

"எங்க வீட்டுல சனிக்கிழமைன்னா அரை நாள் ஸ்கூல், அவ்வளவுதான்" என்றாள். "வர்றவ வாங்கடி."

முதலில் பெரியநாயகி கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துவிட்டு ஒன்பதாம் நம்பரைப் பறித்துக்கொண்டாள். அதற்கப்புறம் மேஜையில் தள்ளுமுள்ளு. கடைசியில் எட்டு மட்டும் மிஞ்சியது.

அல்லி அதை இரண்டு விரலால் தூக்கி சிதம்பரநாதன் மடியில் போட்டாள்.

"துவைச்சுக் குடுங்க சார்."

"நானா?"

"நீங்க அழுக்காக்கினது."

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா சோப்புக்கட்டியை நீட்டினார். "குழாய் வெளியில இருக்குங்க, பெருமகனாரே."

மூடநம்பிக்கையின் முதுகெலும்பை முறித்த அந்த மனிதர் குழாயடியில் குந்தி, எட்டாம் நம்பரைத் தேய்த்துத் தேய்த்துத் துவைத்ததை அந்தப் பக்கமாகப் போன ஊர் ஜனம் பார்த்துக்கொண்டே போனது. எண்ணெய் முழுக்கப் போகவில்லை. பிரிந்த தையலைக் கமருன்னிசா ஊசிநூலால் இழுத்துப் பிடித்தாள். தொளதொளத்த மிச்சத்தை அல்லி இடுப்போரம் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

மைதானத்தில் நடுவரின் விசில் ஒலித்தது. பன்னிரண்டு பேரும் வரிசையாகக் கிளம்பினார்கள். பந்தலடியில், முன் நாற்காலியில், ரயில்வே அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அல்லி!" என்று பின்னாலிருந்து சிதம்பரநாதன் கூப்பிட்டார். கையில் இன்னும் சோப்பு நுரை. "அல்லி... நல்லா ஆடும்மா."

அவள் நின்றாள். முதுகில் நனைந்த எட்டு மட்டும் எங்களுக்குத் தெரிந்தது.

"விட்டுட்டு வந்தா திரும்பிப் பாக்கக் கூடாதும்பாங்க சார்" என்றாள்.

பார்க்காமலே மைதானத்தில் இறங்கினாள்.